ஃப்ரீசரில் வைத்த கேக்: மேலே பிசுபிசுப்பு, ஓரம் உலர்வு, மீன் வாடை. எங்கே தவறினேன்?

வேளச்சேரி மாடிவீடு:
எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம். சாயங்காலம் வெட்டும் வெனிலா கேக்கை நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்த வாரம் முழுக்க வீடு நிறையச் சொந்தக்காரர்கள், அடுப்படி என் கைக்குக் கிடைக்காது. முன்கூட்டியே சுட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம் என்று ஒரு சின்ன கேக்கை வைத்துச் சோதித்தேன். 6 அங்குல டின், 120 கிராம் மைதா, வெண்ணெய், முட்டை. க்ரீம் எதுவும் இல்லை.

சுட்ட அன்று பஞ்சு மாதிரி இருந்தது. க்ளிங் ராப் (ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) ஒரு சுற்று சுற்றி 8 நாள் ஃப்ரீசரில் வைத்தேன். நேற்று எடுத்து, பிரித்து, தட்டில் வைத்து ஃபேனுக்கு அடியில் விட்டேன். ஒரு மணி நேரத்தில் மேல்பக்கம் ஈரமாகி விரலில் ஒட்டுகிறது. ஓரங்களோ உலர்ந்து உதிர்கின்றன. இதையெல்லாம் விட, வாயில் போட்டால் லேசாக மீன் வாடை. பக்கத்தில் வஞ்சிரம் இருந்தது உண்மைதான். டபுள் டோர் ஃப்ரிட்ஜ், ஐஸ் கட்டாத வகை. யாராவது சொல்லுங்கள், மனசு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

மாவு மணம்:
கவலைப்படாதீர்கள், மூன்றையும் சரிசெய்யலாம். மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

ஈரம் கேக்கிலிருந்து வந்ததல்ல, பெரும்பகுதி காற்றிலிருந்து வந்தது. குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய சொம்பு வெளியே வியர்க்கிறதே, அதேதான். சென்னைக் காற்றில் கேட்கவே வேண்டாம். பிரிக்காமல், சுற்றிய உறையோடு வெளியே வைத்திருந்தால் அந்தத் தண்ணீர் உறை மேல் நின்றிருக்கும். வாடைக்குக் காரணம் வெண்ணெய். கொழுப்பு பக்கத்து வாடையை இழுத்து வைத்துக்கொள்ளும், மெல்லிய க்ளிங் ராப் அதைத் தடுக்காது. மேலே அலுமினியம் ஃபாயில் வேண்டும். ஓரம் உலர்ந்தது உங்கள் ஃப்ரிட்ஜ் வகையால். ஐஸ் கட்டாத ஃப்ரீசரில் உலர்ந்த குளிர்காற்று சுற்றிக்கொண்டே இருக்கும். உறையில் இடைவெளி கிடைத்தால் கேக்கில் உறைந்த ஈரம் உருகாமலே ஆவியாகிப் போய்விடும்.

ஒரு கேள்வி: நன்றாக ஆறிய பிறகுதான் சுற்றினீர்களா?

வேளச்சேரி மாடிவீடு:
இல்லை, கை பொறுக்கும் சூட்டில் சுற்றினேன். அப்போதுதான் ஈரம் உள்ளேயே நிற்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். பிரிக்கும்போது உறைக்கு உள்பக்கம் பொடிப்பொடியாக ஐஸ் இருந்தது.

ஈரோடு அக்கா:
வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்துச் செய்கிறேன், அதனால் சொல்கிறேன். சூட்டோடு சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. உள்ளே அடங்கிய ஆவிதான் நீங்கள் பார்த்த அந்த ஐஸ் பொடி. அது உருகும்போது மேல்தோலில் உள்ள சர்க்கரையைக் கரைத்துப் பிசுபிசுக்க வைக்கும்.

கம்பி வலை மேல் 2 மணி நேரமாவது ஆறவிடுங்கள்மா. கேக்கின் அடியைத் தொட்டாலும் சூடு தெரியக் கூடாது. பிறகு தட்டில் வைத்து ஒரு மணி நேரம் மட்டும் ஃப்ரீசரில் இறுக விடுங்கள், அப்போதுதான் சுற்றும்போது அமுங்காது. அப்புறம் க்ளிங் ராப் இரண்டு சுற்று, காற்று நிற்காமல் கேக்கோடு ஒட்டி. அதன்மேல் ஃபாயில். தேதியை எழுதி ஒட்டுங்கள். இப்படி வைத்தால் 2 மாதம் வரை ருசி கெடாமல் எனக்கு நிற்கிறது. வெட்டும் நாளுக்கு முந்தின ராத்திரி கீழே ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள்.

க்ரீமை மட்டும் அன்றைக்குத்தான் பூச வேண்டும். பால் க்ரீம் அடித்துப் பூசி உறைய வைத்தால் உருகும்போது தண்ணீர் விடும். பழத்துண்டும் அப்படியே. ஃபாண்டன்ட், அதாவது கேக் மேல் போர்த்தும் சர்க்கரை மாவு, வியர்த்து ஒட்டும்.

மாவு மணம்:
அக்கா சொன்ன எல்லாம் சரி, கடைசியில் ஒன்றில் மட்டும் எனக்கு வேறு கருத்து. க்ரீம் இல்லாத கேக்கை ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் விட வேண்டாம். கேக் பழசாகி இறுகுவது வெறும் ஈரம் போவதால் மட்டுமல்ல. வெந்த மாவுச்சத்து மறுபடி இறுகுவதாலும்தான். அது வேகமாக நடப்பது ஃப்ரீசர் குளிரில் அல்ல, ஃப்ரிட்ஜின் 4 டிகிரி குளிரில். அதனால் உறையோடு நேரே வெளியே 3 மணி நேரம் வையுங்கள். உறை மேல் வியர்வை காய்ந்த பிறகு பிரியுங்கள்.

நெல்லைத் தம்பி:
எங்கள் வீட்டில் சிங்கிள் டோர்தான். அதில் வைக்கலாமா? கரண்டும் அடிக்கடி போகும்.

ஈரோடு அக்கா:
தம்பி, அதில் ஐஸ்க்ரீம் கல் மாதிரி இறுகுகிறதா பாருங்கள். கரண்டி சுலபமாக இறங்கினால் அது மைனஸ் 18-க்குப் போகவில்லை என்று அர்த்தம், நாலைந்து நாளுக்கு மேல் நம்பாதீர்கள். ஒன்றிரண்டு மணி நேரக் கரண்ட் கட் ஒன்றும் செய்யாது, கதவைத் திறக்காமல் இருந்தால் போதும். பிஸ்கட் செய்வதாக இருந்தால் சுடாத மாவை உருண்டையாக உறைய வையுங்கள். உருக விடாமலே ஓவனில் வைக்கலாம், ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

வேளச்சேரி மாடிவீடு:
பத்து நாள் கழித்து வருகிறேன். அதே அளவில் இன்னொரு கேக் சுட்டு, 2 மணி நேரம் ஆறவிட்டு, இரண்டாக வெட்டி, தனித்தனியாக அக்கா சொன்னபடி சுற்றி ஒரு வாரம் வைத்தேன். ஒன்றை ராத்திரி ஃப்ரிட்ஜில், இன்னொன்றை இன்று காலை நேரே மேசையில்.

பிசுபிசுப்பு இரண்டிலும் இல்லை, ஓரமும் உதிரவில்லை. ஃப்ரிட்ஜில் இருந்தது கொஞ்சம் இறுக்கம், வெளியே வைத்தது புதிதாகச் சுட்டது போலவே இருக்கிறது. எது எதுவென்று சொல்லாமல் அம்மாவிடம் கொடுத்தேன், வெளியே வைத்ததைத்தான் இன்னொரு துண்டு கேட்டார்கள். வாடை சுத்தமாக இல்லை. வஞ்சிரத்தையும் இறுக்க மூடும் டப்பாவுக்கு மாற்றிவிட்டேன். ஆனால் க்ரீம் பூசும்போது மேல்பக்கம் துகள் உதிருமோ என்று பயமாக இருக்கிறது.

ஈரோடு அக்கா:
முழுக்க உருகும்வரை காத்திருக்காதீர்கள்மா. ஒன்றரை மணி நேரத்தில் பிரித்து, அரைகுறைக் குளிரோடு முதல் பூச்சை மெல்லிசாகப் பூசுங்கள், துகள் அதில் ஒட்டிக்கொள்ளும். மேலே ஈரம் தெரிந்தால் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் இறுகவிட்டு இரண்டாவது பூச்சு. அப்பா அம்மாவுக்கு என் வணக்கம்.