ராம்பிரசாத் சேனின் காளி பாடல்கள்: விளக்கம் தேவை

வணக்கம். 18ஆம் நூற்றாண்டில் வங்காளத்தின் ஹாலிசகரில் வாழ்ந்த கவிஞர் ராம்பிரசாத் சேனின் சாக்தப் பாடல்களை, அதாவது தேவியையே பரம்பொருளாகப் போற்றும் பாடல்களை, மொழிபெயர்ப்புகளின் துணையோடு படித்துக்கொண்டிருக்கிறேன். வங்காள மொழியும் தாந்திரிக மரபும் அறிந்தவர்கள் உதவ வேண்டும்.

மனத்தைப் பார்த்து 'உனக்கு உழவு தெரியவில்லையே' என்று அவர் கடிந்துகொள்ளும் பாடல் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. மானுடப் பிறவி என்னும் நிலம் தரிசாகக் கிடக்கிறது. உழுதால் பொன் விளையும். குரு தந்த விதையை ஊன்றி, பக்தி நீர் பாய்ச்சச் சொல்கிறார். இதுவரை புரிகிறது. ஆனால் அந்த வயலுக்குக் காளியின் பெயரையே வேலியாக்கி, எமனும் அதை நெருங்கமாட்டான் என்கிறார். அவ்விடத்தில் அவளை முக்தகேசி, அதாவது கூந்தலை அவிழ்த்துவிட்டவள் என்று அழைப்பது ஏன்? எந்தக் கட்டுக்கும் அடங்காத கூந்தல் எப்படிக் காவலுக்கு அடையாளமாகிறது? தற்செயலான தேர்வாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றில், கண் கட்டிய செக்குமாடாகத் தன்னை எத்தனை காலம் சுற்றவிடுவாய் என்று தாயிடமே சண்டையிடுகிறார். மாட்டை ஓட்டும் ஆறு செக்கார்கள் காமம், குரோதம் முதலிய ஆறு பகைகள் என்று கொள்கிறேன், சரிதானா? அவர்களிடம் தன்னை ஒப்படைத்தவளே அவள்தான் என்கிறாரே! இந்தக் குற்றச்சாட்டைப் பிள்ளையின் உரிமைக் கோபமாக மட்டும் படிக்கலாமா, அல்லது மாயையும் அவளே என்னும் சாக்தக் கொள்கை அதன் அடியில் இருக்கிறதா?

அவருக்குப் பின் வந்த வங்காள சாக்தக் கவிஞர் கமலாகாந்த பட்டாச்சார்யாவின் பாடல்களோடு ஒப்பிட்டுச் சொல்ல முடிந்தால் மிகவும் நன்றியுடையவனாவேன்.