ரிஜிட் ஃபோர்க்குக்குத் தமிழ்: கட்டைக்கவை?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

26 அங்குலச் சக்கர மலைச் சைக்கிளில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை, அதாவது ஸ்பிரிங் வைத்த சஸ்பென்ஷன் ஃபோர்க்கைக் கழற்றிவிட்டு, ஸ்பிரிங் இல்லாத ரிஜிட் ஃபோர்க்கும் 29 அங்குல முன்சக்கரமும் மாட்டுவது பற்றிய கையேட்டுக்குச் சொற்கள் கேட்டிருந்தீர்கள். இழை நீண்டுவிட்டது. தனித்தனியாகப் பதில் போடாமல், இழையில் நீங்கள் எழுதியவற்றை மேற்கோளாகக் கொடுத்து எல்லாவற்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

> ரிஜிட் ஃபோர்க்: அசையாக் கவை அல்லது விறைப்புக் கவை

கவை சரி. கிளை பிரியும் இடத்துக்கு உள்ள பழைய சொல், கவட்டையும் அதே குடும்பம்தான். அதில் கைவைக்க வேண்டாம். தகராறெல்லாம் அதற்கு முன்னால் வரும் அடைமொழியில். ‘அசையா’ என்று சொன்னால் ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்பாது என்றாகிவிடும். திரும்பாத கவையை வைத்துக்கொண்டு எங்கே ஓட்டுவது? ‘விறைப்பு’ கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் பொருந்தாது. மெல்லிய எஃகுக் குழாயில் செய்த ரிஜிட் ஃபோர்க்கில் முன்பிரேக்கை அழுத்திப் பிடித்து வண்டியை முன்னே தள்ளிப் பாருங்கள். கால்களின் நுனி பின்னால் வளைவது கண்ணுக்கே தெரியும். தவிர, ‘இந்தக் கவை அதைவிட விறைப்பானது’ என்று ஒப்பிட்டுச் சொல்லும் இடங்கள் கையேட்டில் நிறைய வரும். அந்தச் சொல்லைப் பெயரிலேயே செலவழித்துவிட்டால் அங்கே என்ன செய்வது?

இரண்டு ஃபோர்க்குக்கும் உள்ள வேறுபாடு, ஒன்றில் ஸ்பிரிங் உண்டு, மற்றதில் இல்லை என்பதுதான். இதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சோடி இருக்கிறது. மாட்டுவண்டியில் வில் வைத்தது வில்வண்டி, வைக்காதது கட்டைவண்டி. அதே வழியில் வில்கவை, கட்டைக்கவை. புணர்ச்சி விதிப்படி ‘விற்கவை’ என்று எழுத வேண்டும் என்பார்கள். விலைக்குப் போட்டிருக்கிறோம் என்று நினைத்துவிடுவார்கள். வில்கவை என்றே இருக்கட்டும்.

> கட்டை என்றால் குட்டை என்றும் பொருள். இங்கே போடுவதோ நீளமான ஃபோர்க். பிரேக் கட்டை வேறு இருக்கிறது.

நியாயமான தடைதான். ஆனால் கட்டைவண்டியைக் குள்ளமான வண்டி என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பிரேக் கட்டையோடும் குழப்பம் வராது. அது முன்னே ‘பிரேக்’ இல்லாமல் வருவதே அபூர்வம். காற்று அடைத்த ஃபோர்க்கையும் ‘வில்’ என்பதா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். சொல்லலாம். அழுத்தினால் அமுங்கி, விட்டால் எழும்புகிற வேலையைத்தான் அங்கே காற்று செய்கிறது.

என்னைக் கேட்டால், கையேட்டை எழுதும்போது நம்மைத் திணறடிக்கப் போவது ஃபோர்க்கின் பெயர் அல்ல, அதன் அளவுகளின் பெயர்கள். குறிப்பாக ஒன்று.

> ஃபோர்க் நீளம்: கவை நீளம்

எந்த நீளம்? ஹேண்டில் பக்கம் ஏறிப் போகும் ஸ்டீயரர் குழாயையும் சேர்த்தா? இங்கே நமக்கு வேண்டியது ஆக்ஸிலின் நடுவிலிருந்து கீழ் பேரிங் உட்காரும் தோள் வரை உள்ள அளவு மட்டும். இதற்குக் ‘கவை உயரம்’ என்று தனிப்பெயர் கொடுத்து, ஸ்டீயரர் சேர்ந்தால்தான் நீளம் என்று பிரித்துவிடலாம்.

இது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், இந்த மாற்றமே இந்த ஓர் அளவில்தான் நிற்கிறது. 100 மி.மீ. அமுங்கும் பழைய வில்கவையின் உயரம் சுமார் 470 மி.மீ. ஆள் ஏறி உட்கார்ந்ததும் இருபது, இருபத்தைந்து மி.மீ. இறங்கி 450க்கு வந்துவிடும். 29க்கான கட்டைக்கவையும் 470 இருந்தால் ‘பழையதற்குச் சமம்தானே’ என்று வாங்கிவிடுவார்கள். ஆனால் அது இறங்காது. டயர் அகலம் ஒன்றே என்று வைத்துக்கொண்டாலும் சக்கரத்தின் ஆரமும் 31.5 மி.மீ. கூடுகிறது. ஆக, வண்டியின் முன்புறம் 50 மி.மீ. அளவுக்கு எழும்பும். 20 மி.மீ. உயர்ந்தால் தலைக்கோணம் (ஹேண்டில் திரும்பும் அச்சு தரையோடு செய்யும் கோணம்) ஏறத்தாழ ஒரு பாகை சாயும் என்பது கைக்கணக்கு. அப்படியானால் 71 பாகை இருந்த இடத்தில் 68.5. சீட்டும் அதே அளவு பின்னால் சாயும், பெடல் அச்சும் கொஞ்சம் மேலே போகும். 440 உயரமுள்ள கவை கிடைத்தால் சாய்வு ஏறத்தாழ ஒரு பாகையோடு நின்றுவிடும்.

வில்கவையின் உயரத்துக்கு ஈடாகச் செய்த கட்டைக்கவையை ‘சஸ்பென்ஷன் திருத்தப்பட்ட’ என்று மொழிபெயர்த்திருந்தார்கள். எதைத் திருத்தினார்கள் என்று எனக்கே புரியவில்லை. ‘ஈடுயரக் கட்டைக்கவை’ எப்படி?

> டிரெயில்: தடம். டிராவல்: பயணம். சாக்: தொய்வு.

தடம் கூடாது. மலைச் சைக்கிள்காரருக்குத் தடம் என்றால் காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதை. இங்கே சொல்ல வருவது வேறு. ஹேண்டில் திரும்பும் அச்சைக் கோடாக நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளி முன்னால் இருக்கும், டயர் தரையைத் தொடும் புள்ளி அதற்குப் பின்னால் தங்கும். அந்த இடைவெளியைப் ‘பின்தங்கல்’ எனலாம். அதைக் குறைப்பதற்காகக் கவையின் நுனியை முன்னே தள்ளி வைக்கும் அளவு ‘முன்தள்ளல்’. இரண்டும் எதிரெதிராக நிற்பதால் நினைவில் தங்கும்.

கணக்கிலும் இவை நன்றாக உட்காருகின்றன. பழைய ஏற்பாட்டில் 71 பாகை, 39 மி.மீ. முன்தள்ளல் என்றால் பின்தங்கல் 73 மி.மீ. வாக்கில் வரும். 29 சக்கரத்தோடு 47 மி.மீ. முன்தள்ளல் உள்ள 440 கவையைப் போட்டால் 83. 470 போட்டால் 93. பின்தங்கல் கூடினால், சரிவில் வேகமாக இறங்கும்போது வண்டி நேர்கோட்டில் நிதானமாகப் போகும். ஏற்றத்தில் மெல்ல மிதிக்கும்போதோ முன்சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரியப் பார்க்கும். வாங்குகிறவர் கவை உயரத்தையும் முன்தள்ளலையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

வில்கவை முழுதாக அமுங்கக்கூடிய அளவான டிராவலுக்கு ‘அமுங்கு தூரம்’. ஆள் ஏறி உட்கார்ந்ததும் அது இறங்கும் அளவான சாக்குக்குத் (sag) தொய்வு வேண்டாம். அது செயினுக்குப் போகட்டும். இங்கே ‘அமிழ்வு’.

> முன்னால் பெரிய சக்கரம் வைத்த வண்டிக்கு ‘மல்லெட்’ என்றே எழுதிவிடலாமா?

அது முன்னால் குட்டையாகவும் பின்னால் நீளமாகவும் விடும் ஒரு முடிவெட்டின் பெயர். தமிழில் படிப்பவருக்கு அந்தக் கேலி எட்டாது. ‘ஈரளவு வண்டி’ போதும் என்று நினைக்கிறேன். எது பெரியது என்று அந்தப் பெயர் சொல்லவில்லையே என்றால், மலைச் சைக்கிளில் பெரியது முன்னால் இருப்பதுதான் வழக்கம். கேனன்டேல் என்ற அமெரிக்கச் சைக்கிள் நிறுவனம் 1984இலேயே முன்னால் 26, பின்னால் 24 வைத்து வண்டி விட்டது. போட்டிகளில் ஈரளவுச் சக்கரங்களுக்கு உலகச் சைக்கிள் பந்தய அமைப்பான யூசிஐ வழிவிட்டது 2019இல்தான்.

அங்குலப் பெயர்களை முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். டயரின் பக்கச்சுவரில் 54-559, 54-622 என்று அச்சிட்டிருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது டயர் ரிம்மில் உட்காரும் விட்டம், இரண்டும் மி.மீ.யில். 29 என்பதும் சாலைச் சைக்கிளின் 700சி என்பதும் ஒரே 622தான் என்பது அப்போது தானாகவே தெரிந்துவிடும்.

பிரேக் பற்றி ஒரு வரி. ரிம்மை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் வி-பிரேக்கைத் திருகி மாட்டுவதற்குக் கவையில் இருக்கும் அந்தச் சின்னக் குமிழைப் ‘பிரேக் முளை’ என்று எழுதுங்கள். 559க்கு வைத்த முளையிலிருந்து பிரேக் கட்டை 622 ரிம்மை எட்டாது. புதுக் கவையில் டிஸ்க் மாட்டும் வசதி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆக்ஸில் வந்து உட்காரும் டிராப்-அவுட்டுக்கு எனக்கு இன்னும் நல்ல சொல் அகப்படவில்லை. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். ‘வெளிவிழு’வை மட்டும் மறுபடி கொண்டுவர வேண்டாம்.