18 இலட்சத்துக்கு கேமிங் பிசி: திருகோணமலை வீட்டுக்கு இது தேவையா?

உப்புவெளியான்

வணக்கம். தம்பிக்கு கேமிங் பிசி ஒண்டு எடுக்க வேணும். கொழும்புக் கடை ஒண்டு தந்த கொட்டேஷன் இது: ஆர்டிஎக்ஸ் 5090 கிராஃபிக்ஸ் கார்ட், ரைசன் 9 9950எக்ஸ்3டி புரொசஸர், 128 ஜிபி ரம், 1200 வாட்ஸ் பவர் சப்ளை, தண்ணிக் கூலர். மொத்தம் 18 இலட்சம் ரூபா. மொனிட்டர் இதில இல்லை. இருக்கிற 24 அங்குல 1080பி, 144 ஹேர்ட்ஸ் மொனிட்டரைத்தான் பாவிக்கப் போறான். வலோரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 ரெண்டும்தான் கூட விளையாடுவான். இடைக்கிடை பெரிய கதை கேம்களும். பிளெண்டர் எண்ட 3டி மென்பொருளும் பழகத் தொடங்கியிருக்கிறான். வீடு கடற்கரைப் பக்கம், அறையில ஏசி இல்லை. இந்தக் காசுக்குப் பெறுமதி இருக்கா?

மட்டிக்களி

அந்த மொனிட்டரோட 5090 எடுக்கவே வேண்டாம். 1080பி திரையில ஏறக்குறைய 21 இலட்சம் புள்ளிகள், 4கே-இல 83 இலட்சம். 5090 அந்த 83 இலட்சத்துக்கெண்டு செய்த கார்ட். 1080பி-இல அது ஒவ்வொரு ஃபிரேமையும் கெதியா முடிச்சுப்போட்டு, புரொசஸர் அடுத்ததைத் தருமட்டும் சும்மா நிக்கும். ஃபிரேமுக்கு எல்லை வைக்காமல் விளையாடேக்க ஆஃப்டர்பர்னர் எண்ட மென்பொருளில ஜிபியூ (கார்ட்) பாவனையைப் பாருங்கோ. 95 வீதத்துக்குக் கீழயே நிண்டால் கார்டுக்குக் குடுத்த காசில ஒரு பங்கு தூங்குது எண்டு அர்த்தம்.

வலோரன்டும் சிஎஸ் 2-வும் புரொசஸரைத்தான் கூட நம்பியிருக்கு. பிங் எண்டது சிங்கப்பூர், மும்பை சேர்வருக்குப் போய் வாற நேரம். எந்தக் கார்டும் அதைக் குறைக்காது. வைஃபையை விட்டுட்டு ரவுட்டரில இருந்து லான் கேபிள் இழுத்தால் பிங் துள்ளுறது நிக்கும். அதுக்கு ஒரு நல்ல கேபிளின்ர காசுதான்.

நான் கொட்டேஷன் எழுதினால் இப்படித்தான் எழுதுவன்: ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ 16 ஜிபி, ரைசன் 7 7800எக்ஸ்3டி, பி650 மதர்போட், 16 ஜிபி ரம் ரெண்டு (டிடிஆர்5-6000, சிஎல்30), 2 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 850 வாட்ஸ் கோல்ட் பவர் சப்ளை, காற்றுக் கூலர். மிஞ்சுற காசில 27 அங்குல 1440பி, 180 ஹேர்ட்ஸ் மொனிட்டர். ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி-யும் கேமுக்கு நல்ல கார்ட், அமெரிக்காவில 5070 டிஐ-யின்ர 749 டொலருக்குப் பதிலா 599-க்கு வந்தது. ஆனா பிளெண்டரில ஆப்டிக்ஸ் எண்ட ரெண்டர் முறை என்விடியா கார்டில மட்டும்தான் ஓடும், அதனால உங்களுக்கு 5070 டிஐ. 5090 வெளியான விலை 1,999 டொலர். இரண்டரை மடங்குக்கு மேல காசு குடுத்தும் 4கே-இல கூட இரண்டு மடங்கு ஃபிரேம் வராது.

கொட்டியாரம்

மட்டிக்களி சொன்னதோடு மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

5090 கார்ட் மட்டும் 575 வாட்ஸ். முழு பிசியும் சுவரிலிருந்து ஏறக்குறைய 900 வாட்ஸ் எடுக்கும். தினமும் 4 மணித்தியாலம் விளையாடினால் மாதம் 108 யூனிட். 5070 டிஐ பிசி 500 வாட்ஸுக்குள் நிற்கும், 60 யூனிட். வீட்டு பில்லில் யூனிட் கூடக் கூட மேல் படிக்கு மேல் விலை என்பதால், இந்த 48 யூனிட் வித்தியாசம் விலை கூடிய படியில்தான் விழும்.

எடுக்கிற மின்சாரம் முழுவதும் சூடாக அறைக்குள்தான் வரும். ஒரு 9000 பிடியு ஏசி அகற்றுகிற சூடு ஏறக்குறைய 2,600 வாட்ஸ். அதில் மூன்றில் ஒரு பங்கை இந்தப் பிசி தனியாக உண்டாக்கும். ஆடி மாதக் கச்சான் காற்றில் அறை 35 பாகைக்குப் போனால் உள்ளே உள்ள எல்லாமே அதே அளவு கூடச் சூடாகும். தண்ணிக் கூலரும் அறைக் காற்றை விடக் குளிராக்காது.

யூபிஎஸ் வாங்கும்போது விஏ-வைப் பார்க்க வேண்டாம், வாட்ஸைப் பாருங்கள். 1000 விஏ என்று எழுதியிருப்பவை பல 600 வாட்ஸ்தான். 5070 டிஐ பிசிக்கு அது போதும். 5090-க்கு 2000 விஏ, 1200 வாட்ஸ் வேண்டும். லைன் இன்டராக்டிவ், ப்யூர் சைன்வேவ் (சீரான அலை) எடுங்கள். மலிவான யூபிஎஸ் தருகிற படிக்கட்டு அலையில் சில நல்ல பவர் சப்ளைகள் கரண்ட் போன அந்த நொடியே நின்றுவிடும்.

கார்டின் பவர் கனெக்டரும் கவனம். 12 வோல்ட்டில் 600 வாட்ஸ் என்றால் 50 அம்பியர், ஆறு வயரில் வயருக்கு 8 அம்பியருக்கு மேல். ஒரு பின்னின் எல்லை 9.5 அளவுதான். சரியாக உள்ளே இறங்காவிட்டால் ஒரு வயரில் கூட ஓடி பிளாஸ்டிக் உருகும். இடைவெளி தெரியாத வரைக்கும் அழுத்துங்கள், கனெக்டர் தலையிலிருந்து 3.5 சென்ரிமீற்றருக்குள் வயரை மடிக்காதீர்கள். 300 வாட்ஸ் கார்டில் வயருக்கு 4 அம்பியர் அளவுதான், தாராளம்.

கடற்காற்று: உப்புத் தூசி ஈரத்தை இழுத்து மதர்போட்டில் ஒட்டும், பிறகு பச்சை பிடிக்கும். கடல் பார்த்த யன்னலடியில் வைக்க வேண்டாம். ஃபில்டர் உள்ள கேஸ் எடுத்து, ஃபில்டரை மாதம் ஒருமுறை தட்டுங்கள். உள்ளே ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். மாரியில் நாட்கணக்காக நிறுத்தி வைக்காமல் தினமும் ஒரு மணித்தியாலமாவது ஓட விடுங்கள். அந்தச் சூடே ஈரத்தை விரட்டும்.

உப்புவெளியான்

நன்றி அண்ணாமார். கடைக்காரர் "இப்ப பெரிசா எடுத்தால் பத்து வருசத்துக்கு யோசிக்கத் தேவையில்லை" எண்டு சொல்றார். பிளெண்டருக்கு 5090 உதவாதா?

மட்டிக்களி

உதவும், அதை மறுக்கேல்லை. 32 ஜிபி மெமரி, ரெண்டரும் கெதியா முடியும். ரெண்டர் செய்து காசு உழைக்கிற ஆளுக்கு, 4கே மொனிட்டர் வைச்சிருக்கிற ஆளுக்கு 5090 சரியான சாமான். அப்பவும் பவர் லிமிட்டை 80 வீதத்தில வையுங்கோ எண்டுதான் சொல்லுவன்: 460 வாட்ஸ், வேகம் பெரிசாக் குறையாது. பழகிற பிள்ளைக்குக் கார்டில 16 ஜிபி காணும்.

பத்து வருசக் கதை பிழை. 2022-இல 4080 வந்த விலை 1,199 டொலர். 2025-இல 749 டொலருக்கு வந்த 5070 டிஐ அதைத் தாண்டிட்டுது. மிச்சக் காசை வங்கியில போட்டுட்டு நாலு வருசத்தில கார்டை மட்டும் மாத்துங்கோ. மதர்போட் ஏஎம்5 சொக்கெட் எண்டபடியா புரொசஸரையும் அதிலயே மாத்தலாம். 128 ஜிபி ரமும் வீண், 2025 கடைசியில இருந்து ரம் விலை ஏறிப்போய்க் கிடக்கு.

பூட்டினதும் பாக்க வேண்டியது: மொனிட்டர் கேபிள் மதர்போட்டில இல்லாமல் கார்டில இருக்கோணும். ரம் ரெண்டும் புரொசஸரில இருந்து 2ஆம், 4ஆம் ஸ்லொட்டில. பயோஸில எக்ஸ்போ (ரமை முழு வேகத்தில ஓட்டுற செட்டிங்) போடாட்டி 6000 ரம் 4800-இல ஓடும். விண்டோஸில ரிஃப்ரெஷ் ரேட் 60-இல நிக்கும், 180 ஆக்குங்கோ.

கொட்டியாரம்

கொழும்பிலிருந்து கொண்டுவரும்போது கார்டைக் கழற்றி அதன் பெட்டியிலேயே தனியாகக் கொண்டுவாருங்கள். பூட்டியபடி பஸ்ஸில் ஏற்றினால் குலுக்கலில் கார்டின் பாரம் ஸ்லொட்டைப் பிளக்கும், அந்த வெடிப்புக்கு வாரண்டியும் கிடையாது. கழற்றுவதற்கு முன் கடையிலேயே அரை மணித்தியாலம் லோட் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். பில்லில் கார்டின் சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்கள்.