சர்வீஸ் இடைவெளியை 15,000 கி.மீ. ஆக மாற்ற உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. என்னுடையது இரண்டாம் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா, பெட்ரோல். இதில் லாங்லைஃப் முறை (ஓட்டும் விதத்தைப் பார்த்து ஆயில் மாற்றும் நேரத்தைக் காரே கணக்கிடும் முறை) இருக்கிறது. அதிகபட்சம் 30,000 கி.மீ. அல்லது இரண்டு ஆண்டுகள் வரை ஆயில் மாற்றச் சொல்லாது. எனக்கு அது ஒத்துவராது. பெரும்பாலும் குறுகிய தூரம்தான் ஓட்டுகிறேன். இன்ஜின் முழுதாகச் சூடேறுவதற்குள் நிறுத்திவிட்டால் ஆயிலில் பெட்ரோலும் ஈரமும் கலந்து நின்றுவிடும். அந்த ஆயிலோடு இரண்டு ஆண்டு ஓட்ட மனம் வரவில்லை. அதனால் 502 00 தர ஆயிலுக்கு (நிலையான இடைவெளிக்கான ஃபோக்ஸ்வேகன் ஆயில் தரம்) மாறி, 15,000 கி.மீ. அல்லது ஓராண்டு என்று நிலையாக வைக்கப் பார்க்கிறேன்.

விசிடிஎஸ் மென்பொருளில் (காரைக் கணினியோடு இணைத்து அதன் அமைப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் உதவுவது) 17-ஆம் எண் மீட்டர் பகுதிக்குள் போய், அடாப்டேஷனில் (அமைப்பு மதிப்புகளை மாற்றும் இடம்; ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு சேனல் எண்) சேனல் 43-ஐ (அதிகபட்ச தூரம்) 30-இலிருந்து 15 (ஆயிரம் கி.மீ. கணக்கில்) ஆக்கிச் சேமித்தேன். சேமித்ததாகவே காட்டுகிறது. ஆனால் மீட்டரில் அடுத்த சர்வீஸுக்கான மீதித் தூரம் பழையபடியே நிற்கிறது.

சேனல் 42 (குறைந்தபட்ச தூரம்), 44 (அதிகபட்ச நாட்கள்), 45 (ஆயில் தரம்) மூன்றையும் இன்னும் தொடவில்லை. 45-இல் 1 கொடுத்தால்தான் லாங்லைஃப் கணக்கு நிற்குமா? அப்புறம், எல்லாவற்றையும் மாற்றிய பிறகு சர்வீஸ் ரீசெட் (சர்வீஸ் கணக்கை மறுபடி தொடக்கத்துக்குக் கொண்டுவருவது) செய்தால்தான் புதிய கணக்கு தொடங்குமா, இல்லை முதலில் ரீசெட்டா?

இதே காரில் செய்தவர்கள் 40 முதல் 49 வரையிலான உங்கள் சேனல் மதிப்புகளைப் பகிர்ந்தால் பெரிய உதவி. என் பழைய மதிப்புகளைக் குறித்து வைத்திருக்கிறேன், கேட்டால் போடுகிறேன்.