புதுப்பிப்பு: அப்பாவின் ஃபிளாஸ்க் பிழைத்துக்கொண்டது

அப்பாவின் பழைய எஃகு ஃபிளாஸ்க்கில் வெந்நீர் இரண்டே மணி நேரத்தில் ஆறிவிடுகிறது, தூக்கிப்போடவும் மனம் வரவில்லை என்று போன வாரம் புலம்பியிருந்தேன். “வெளிச்சுவரைத் தொட்டுப் பாருங்கள்” என்று ஒருவர் சொன்னார். அதுதான் கைகொடுத்தது. கொதிநீர் ஊற்றியதும் வெளிப்பக்கம் சுட்டால், இரு சுவர்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம் போய்விட்டது என்று பொருள். வீட்டில் சரிசெய்ய வழியே இல்லை. என்னுடையது சுடவில்லை. ஆனால் மூடியின் விளிம்பில் ஆவி கசிந்தது. வெடித்துப்போன ரப்பர் வளையம்! அதே அளவில் ஒரு சிலிக்கோன் வளையம் பொருத்தினேன்.

நேற்று ரயிலில் சோதனை. காலை 6 மணிக்கு ஊற்றிய நீர் மதியம் 1 மணிக்கும் நாக்கைச் சுட்டது. (1892-இல் விஞ்ஞானி ஜேம்ஸ் டூவர் இந்த வகைக் குடுவையை உருவாக்கியது கடுங்குளிரான திரவ வாயுக்களுக்காக. வெந்நீர் பிறகு வந்த விருந்தாளி.)

படம் கேட்டிருந்தீர்கள். ஜன்னலோரம் ஃபிளாஸ்க், பின்னால் மங்கலாக ஓடும் மின்கம்பங்கள், அவ்வளவுதான். அடியில் தெரியும் நசுங்கல், அப்பா பஸ் படியில் தவறவிட்டது. அதைத் தட்டி நிமிர்த்தச் சொன்னவர்கள் மன்னிக்கவும், மாட்டேன்.