நன்னாரிப் பாகு ஆற்றச் செம்புக் குழாய்: 3/8 இஞ்சா, 1/2 இஞ்சா?

திருநகர்வாசி:
வீட்டில் நன்னாரி சர்பத் போட்டு விற்கிறோம். ஒரு தடவைக்கு 20 லிட்டர் பாகு, அது ஆறிப் பாட்டிலில் ஊற்றுவதற்குள் விடிந்துவிடுகிறது. பீர் காய்ச்சுகிறவர்கள் செம்புக் குழாயைச் சுருளாக வளைத்துக் கொதிக்கிற சாற்றுக்குள் இறக்கி, உள்ளே பச்சைத் தண்ணீர் ஓடவிட்டு அரை மணியில் ஆற்றிவிடுகிறார்கள். (அவர்கள் யோசனை மட்டும் போதும், பீரை இங்கே வீட்டில் காய்ச்சினால் மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது.) கடையில் 15 மீட்டர் ரோல் இரண்டு அளவிலும் இருக்கிறது, 3/8 விலை குறைவு, வளைக்கவும் லேசு. தண்ணீர் மொட்டைமாடி டேங்கிலிருந்து. எதை எடுக்க?

செல்லூர் ஏசி மெக்கானிக்:
தம்பி, மோட்டார் தண்ணீர் நேராக வந்தால் 3/8 போதும். ஒரு மாடி டேங்க் என்றால் பத்தடி உயரம், கிடைப்பது 0.3 பார் அழுத்தம்தான். அதற்கு 1/2 இஞ்சே எடுங்கள், தண்ணீர் இரண்டு மடங்குக்கு மேல் ஓடும். ஏசிக்குப் போடுகிற சாஃப்ட் ரோலாகக் கேளுங்கள். நீட்டமாக வருகிற பிளம்பிங் குழாய் விறைப்பு, வளைத்தால் மடங்கிவிடும். உலர்ந்த பொடிமணலை உள்ளே இறுக்கி இரண்டு முனையும் அடைத்து, சின்ன கேஸ் சிலிண்டர் மேல் சுற்றுங்கள். பற்றவைப்பே வேண்டாம். முனைகள் அண்டா விளிம்பைத் தாண்டி வெளியே வரட்டும், ஓஸும் கிளாம்பும் அங்கே மாட்டினால் கசிந்தாலும் தரையில்தான் கசியும்.

திருநகர்வாசி:
நன்றி அண்ணே. பாகு பூத்துச் சர்க்கரையாக உறையாமலிருக்கக் கொதியிலேயே எலுமிச்சை பிழிவோம், அதனால் ஒன்றும் ஆகாதே?

சோழவந்தான் சமையல்:
ஆகும். புளிப்பு செம்பைக் கரைத்துப் பாகில் இறக்கிவிடும். வெறும் சர்க்கரைப் பாகுக்குச் செம்பு சரி, மிட்டாய் போடுகிறவர்கள் செம்புச் சட்டியில்தான் காய்ச்சுவார்கள். கொதியில் எலுமிச்சை கட்டாயம் என்றால் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்க்குப் போங்கள்.

செல்லூர் ஏசி மெக்கானிக்:
எலுமிச்சை விஷயம் தெரியாமல் செம்பு சொன்னேன், அவர் சொல்வதுதான் சரி. ஸ்டெயின்லெஸ் சூட்டைக் கடத்துவது செம்பில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை என்று பயப்பட வேண்டாம், குழாய்ச் சுவர் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. சூட்டை விடாமல் பிடித்து வைப்பது பாகின் கெட்டிதான், சுருளைச் சுற்றிக் கரண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் குழாயைக் கையால் வளைக்க முடியாது, லேத்தில் கொடுத்துச் சுற்றி வாங்குங்கள். அப்புறம், சித்திரை மதியத்தில் டேங்க் தண்ணீரே வெந்நீர், ராத்திரி அல்லது விடியற்காலையில் ஆற்றுங்கள். அதற்கும் கீழே குளிர வேண்டுமென்றால் கடைசியில் ஐஸ் வாளியில் ஏர்கூலர் பம்பைப் போட்டு அந்தத் தண்ணீரையே சுற்ற விடுங்கள்.