மறு: சைலேஜ் கையேடு – ‘ஷட்டிங் அப்’ என்பதற்கு ‘அறுப்புக்கு விடுதல்’

அனைவருக்கும் வணக்கம்.

நாம் தமிழாக்கும் சைலேஜ் (பச்சைப் புல்லைக் காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த தீவனம்) கையேட்டில், பிரிட்டன், அயர்லாந்துப் புல்வெளி அத்தியாயம் ‘ஷட்டிங் அப்’ (மாடுகளை வெளியே ஓட்டி, அறுப்புக்காகப் புல்லை வளரவிடுவது) என்ற ஒரு சொல்லுக்குத் தமிழ் முடிவாகாமல் நிற்கிறது. ‘நிலம் மூடல்’, ‘மேய்ச்சல் தடை’, ‘புல் ஒதுக்கம்’, ‘விடுநிலம்’ என்று இதுவரை யோசனைகள் வந்திருக்கின்றன. நான் ‘அறுப்புக்கு விடுதல்’ என்பதை முன்வைக்கிறேன். ஓசூர், தேன்கனிக்கோட்டை, பாலக்கோடு பக்கம் பால்மாடு வைத்திருப்பவர்கள் கைக்குப் போகிற கையேடு இது. சொல் பிசகினால் வேலையும் பிசகும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அங்கே நடக்கும் வேலை. குளிர்காலம் கழிந்து, டிராக்டரைத் தாங்கும் அளவுக்கு நிலம் காய்ந்ததும் சங்கிலிப் பலுகு (நிலத்தைக் கிளறும் சங்கிலிக் கருவி) ஓட்டிச் செத்த புல்லைக் கிளறிவிடுவார்கள், சாணிக் குவியலைப் பரப்புவார்கள். பிறகு உருளை ஓட்டிக் கற்களை மண்ணுக்குள் அழுத்தி, அகழெலி தள்ளிய மண்மேடுகளைத் தட்டையாக்குவார்கள். இந்த உருளை வேலையை மொழிபெயர்ப்பில் ஒரே வரியில் முடித்திருக்கிறோம், அது போதாது. அறுக்கும்போது புல்லோடு மண்ணும் சேர்ந்து போனால் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியா பெருகும். லாக்டிக் அமிலம் உண்டாக வேண்டிய இடத்தில் பியூட்டிரிக் அமிலம் உண்டாகி சைலேஜ் நாறிப்போகும். லிஸ்டீரியா என்ற கிருமி கலந்தால் ஆடு மாடுகள் நோயில் விழும். நம் பக்கம் அகழெலி மேட்டுக்குப் பதில் கரையான் புற்று என்று ஒரு அடிக்குறிப்பு போட்டால் படிப்பவருக்கு உடனே பிடிபடும்.

அப்புறம் பழைய புல்லை நாலைந்து செ.மீ. உயரம் வரை மேயவிட்டு, மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுவுக்குள் கால்நடைகளை வெளியே ஓட்டிவிடுவார்கள். இப்படி விடுவதைத்தான் ‘ஷட்டிங் அப்’ என்கிறார்கள். அதற்குப் பின் சாணக் கரைசலும் தழைச்சத்து (நைட்ரஜன்) உரமும் போகும். புல் ஒரு நாளைக்கு ஹெக்டேருக்குச் சுமார் 2.5 கிலோ தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும் என்பது அவர்கள் வைத்திருக்கும் கணக்கு. 100 கிலோ போட்டால் அறுப்புக்கு முன் 40 நாளாவது வேண்டும். பொதுவாக மே மாதப் பின்பாதியில், கதிர் எட்டிப் பார்க்கும் பருவத்தில் முதல் அறுப்பு. கதிர் வந்துவிட்டால் விளைச்சல் கூடும், ஆனால் புல்லின் செரிமானத் தன்மை நாளுக்கு நாள் இறங்கும்.

ஆக, நிலம் சும்மா கிடக்கவில்லை. உரம் வாங்கி, நாள் குறித்து, அறுப்புக்காகவே வளர்கிறது. சொல்லில் இது தெரிய வேண்டும்.

‘நிலம் மூடல்’ ஆங்கிலத்தின் நிழல். அதோடு அடுத்த அத்தியாயத்தில் குழியை பாலித்தீன் விரிப்பால் மூடுவது வருகிறது. இரண்டு ‘மூடல்’ வந்தால் குழப்பம்தான். ‘புல் ஒதுக்கம்’ அரசாணை வாசகம் மாதிரி இருக்கிறது, யார் யாருக்கு ஒதுக்கினார் என்று கேட்கத் தோன்றும். ‘மேய்ச்சல் தடை’ கூடவே கூடாது. 2022இல் காவேரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்ட பகுதி கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகள்தான். காட்டோரத்தில் மாடு வைத்திருப்பவருக்கு ‘தடை’ என்றால் வனத்துறைதான் நினைவுக்கு வரும். தன் நிலத்தில் தானே விரும்பிச் செய்யும் வேலைக்கு அந்தச் சொல்லை வைப்பது அவர்களுக்கு வலிக்கும்.

‘விடுநிலம்’ கிட்டத்தட்ட சரி. ஆனால் தளியிலிருந்து எழுதிய அம்மா சொன்ன மறுப்பு நியாயமானது. ‘மாட்டை விட்டாச்சு’ என்றால் மாடு உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். எருது விடும் விழா நடக்கிற மாவட்டத்தில் ‘விடு’ என்றதும் மாடுதான் கண்முன் வரும். நமக்கு வேண்டியதோ மாடு இல்லாத நிலம்.

இந்தச் சிக்கலை ‘கு’ என்ற ஒரு வேற்றுமை உருபு தீர்த்துவிடுகிறது. கொடியில் நல்ல சுரைக்காயாகப் பார்த்துப் பறிக்காமல் வைத்து ‘இது விதைக்கு விட்டது’ என்கிறோம் இல்லையா? யாரும் அதில் கை வைக்க மாட்டார்கள். அதே அமைப்புதான் ‘அறுப்புக்கு விட்ட நிலம்’. எதற்காக விட்டது என்பதைச் சொல்லிவிடுவதால், மாட்டை விடுவதோடு குழம்பாது. அட்டவணைத் தலைப்புக்குப் பெயர்ச்சொல் கேட்ட நண்பருக்கு ‘அறுப்புவிடு நிலம்’, ‘விட்ட நாள்’ என்று தருகிறேன். உரைநடையில் பிரிந்த வடிவமே நல்லது.

வரையறையில் ‘வசந்த காலத்தில்’ என்பதைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மாசி, பங்குனியில் நம் மானாவாரி நிலம் காய்ந்து கிடக்கும். சித்திரைக்கு மேல் கோடை மழையும் பிறகு பருவமழையும் வந்தால்தான் புல். கொழுக்கட்டைப்புல் போட்ட மேய்ச்சல் நிலத்துக்கு இந்தச் சொல் அப்படியே பொருந்தும், நாள் மட்டும் மழையைப் பொறுத்து மாறும். கோ-5 கம்பு நேப்பியருக்குப் பொருந்தாது. அது நட்டு 75 முதல் 80 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒருமுறை என்று எப்போதுமே அறுத்துப் போடும் புல், மேய விடுவதில்லை. இந்த வேறுபாட்டைக் கையேட்டில் ஒரு வரி சொல்லியே ஆக வேண்டும்.

சைலேஜுக்கு ‘ஊறுகாய்ப்புல்’ வேண்டுமா என்ற விவாதத்தை இங்கே இழுக்கவில்லை. பால் ஊற்றுபவர்கள் வாயில் சைலேஜ் என்றே நிலைத்துவிட்டது, அப்படியே இருக்கட்டும்.

என் வரையறை: அறுப்புக்கு விடுதல் – மேய்ச்சல் நிலத்திலிருந்து கால்நடைகளை வெளியேற்றி, உரமிட்டு, சைலேஜுக்கோ உலர்புல்லுக்கோ அறுக்கும் வரை புல்லை வளரவிடுதல்.

‘உலர்புல்லுக்கோ’ என்பதை வைப்பதா எடுப்பதா என்று மட்டும் கருத்துச் சொல்லுங்கள். சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.